கிராம்பியஸ் கல்லில் ஓர் எழுத்து

மேய்சி லம்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்து டகி மட்ச் அதுவரை மூன்று தடவைதான் பார்த்திருந்தான். மூன்று தடவையும் யாரோ ஒருவர் சிறைக்குப் போனார்.

நான்காவது சிரிப்பு ஒரு வியாழக்கிழமை காலையில், கில்போரி கிராமத்தில் வாட்டி டோக்கரின் கல்லறைக்கல் பட்டறையில் வெடித்தது. சுற்றிலும் பாதி செதுக்கிய பெயர்கள். மேய்சியின் கையில் மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தித்தாள்.

“நல்லா இருக்குங்க,” என்றாள் வாட்டியின் மனைவி ஜீன். மேலங்கியில் கல்தூசி, நகக்கண்ணில் தங்கப் பூச்சு. புருஷன் செதுக்கும் எழுத்துக்குத் தங்கம் பூசுவது அவள் வேலை. “என் வீட்டுக்காரரு லாக்கப்புல உக்காந்திருக்காரு. காப்பாத்துங்கன்னு கூப்பிட்டா, படம் பாத்துச் சிரிக்கிறீங்க.”

“பயப்படாதீங்கக்கா,” என்றான் டகி. “மேடம் சிரிச்சா யாருக்கோ கெட்ட நேரம். உங்களுக்கு இல்ல.”

டகிக்கு நாற்பத்திரண்டு வயது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒலிபெருக்கியில் பயணிகளைக் கிண்டல் செய்தான் என்று வேலையை விட்டுத் தூக்கினார்கள்; இப்போது மேய்சிக்குக் கார் ஓட்டுகிறான். மேய்சி அபர்டீனில் ஒரு பத்திரிகையில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு துப்பறியக் கிளம்பி, மனிதர்களிடம் பிழை பிடிக்கிறாள். பென்சில் மட்டும் இன்னும் காதை விட்டு இறங்கவில்லை.

“முதல்ல இருந்து சொல்லுங்க, ஜீன். அழாம, அடுக்கா.”

ஜீன் அழுகிற ரகம் இல்லை. சொன்னாள்.

பிட்லோரி எஸ்டேட்டின் துரை டார்க்குவில் டல்கார்னோ. அவருடைய நிலம் ஒன்றை ஜீனின் தம்பி நீல் இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறான். அந்த வயலில் ஒரு ரோமானியக் கல் கிடைத்ததாக மூன்று வாரத்துக்கு முன் துரை அறிவித்தார். கல்லில் மூன்று வரி லத்தீன். ‘இருபதாம் படை மான்ஸ் கிராம்பியஸ் என்னும் இம்மலையில் வென்றது’ என்று பொருள். ரோமானியர்கள் இந்த வடக்குச் சீமையில் நடத்திய அந்தப் பெரிய சண்டை எந்த மலையில் நடந்தது என்று பண்டிதர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு மலையைக் காட்டுவார்கள். துரை கல்லையே காட்டிவிட்டார்.

“அந்த எடத்துல ரோமானியப் பூங்கா கட்டப் போறாராம். நவம்பருக்குள்ள நிலத்தைக் காலி பண்ணுன்னு தம்பிக்கு நோட்டீஸ். அவனுக்கு மூணு புள்ளைங்க.”

“கல்லு?”

“மாளிகைக் கூடத்துல வச்சிருந்தாரு. நாளைக்கு எடின்பரோவிலருந்து அருங்காட்சியகத்து ஆளு வந்து பாக்கறதா இருந்துச்சு. செவ்வாக்கிழமை கல்லக் காணோம். அங்க எங்க வீட்டுக்காரரோட உளி கெடந்துச்சாம். நேத்து வந்து புடிச்சுட்டுப் போயிட்டாங்க.”

“உளி அவரோடதுதானா?”

“அவரோடதுதான். ஆனா அது குளிர்காலத்திலருந்தே காணோம். நானே தேடியிருக்கேன்.”

“அவர் என்ன சொல்றார்?”

“அதாங்க கொடுமை. வாயே தெறக்க மாட்டேங்கறாரு. போன வாரம் கடையில குடிச்சுட்டு, ‘அந்தக் கல்ல ஒடச்சுப் போடுவேன்’னு கத்தியிருக்காரு. ஊரே கேட்டிருக்கு. இப்பப் போலீஸ்காரங்க கேட்டா, செதுக்காத கல்லு மாதிரி உக்காந்திருக்காரு.”

மேய்சி செய்தித்தாளை டகியிடம் நீட்டினாள். படத்தில் துரை, சுட்டு வீழ்த்திய கலைமானின் மேல் கால் வைப்பதைப் போலக் கல்லின் மேல் கால் வைத்து நின்றார். எழுத்துகள் தெளிவாகவே விழுந்திருந்தன.

“என்ன தெரியுது?”

“துரைக்கு ஷூ பாலிஷ் போட ஆள் இருக்கு.”

“கல்லப் பாரு.”

டகி கண்ணை இடுக்கினான். “எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த ‘கிராம்பியஸ்’ல நடுவுல ஒரு ‘எம்’ இருக்கே, அது மட்டும் மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளா நெருக்கி உக்காந்திருக்கு. பக்கத்துல இருக்கறவங்க தொடைய இடிக்குது.”

மேய்சி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

“டகி, சில சமயம் உனக்கே தெரியாம உருப்படியா ஏதாவது சொல்லிடற. காரை எடு.”

*

பிட்லோரிக்குப் போகும் சாலையில் மழை தூறியது. மேய்சி முன் இருக்கையில் உப்பு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே ஜன்னலுக்கு வெளியே காட்டினாள்.

“கடைப் பேரெல்லாம் படிச்சுக்கிட்டே வா.”

“கிராம்பியன் சலவைக் கடை. கிராம்பியன் வறுத்த மீன். கிராம்பியன் டாக்சி. அதோ, கிராம்பியன் நாய்க் காப்பகம். எதுக்கு மேடம்? நம்ம மலைக்கு அந்தப் பேரு, மாவட்டத்துக்கே அந்தப் பேரு. இந்த ஊர்ல கிராம்பியன்னு பேர் இல்லாதது எங்க மாமியார் மட்டும்தான்.”

“அந்தப் பேரு ஒரு அச்சுப்பிழை.”

டகி காரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினான்.

“ரோமாபுரிச் சரித்திரக்காரன் ஒருத்தன் இருந்தான். இங்க வந்து சண்டையில ஜெயிச்ச தளபதியப் பத்திப் புஸ்தகம் எழுதினான். தளபதி அவனோட மாமனாரு.”

“மாமனாரப் புகழ்ந்து ஒரு முழுப் புஸ்தகமா? அப்படி என்ன குடுத்தாராம்?”

“குறுக்க பேசாத. அதுல சண்டை நடந்த மலையோட பேரு மான்ஸ் கிரௌபியஸ். ‘கி-ரௌ’. நல்லா கேட்டுக்க. நடுவுல ‘எம்’ கிடையாது, ‘யூ’தான். ஆயிரத்து நானூறு வருஷம் கையால பாத்துப் பாத்து எழுதினாங்க. அப்புறம் இத்தாலியில மொத மொத அச்சுல ஏத்தினப்போ, எவனோ ‘யூ’வ ‘எம்’முன்னு படிச்சுட்டான். கிரௌபியஸ் கிராம்பியஸ் ஆயிடுச்சு. நம்ம ஊர்ப் பண்டிதர் ஒருத்தர் அத அப்படியே நம்பி, நம்ம மலைத்தொடருக்கே வச்சுட்டாரு. அதிலிருந்து சலவைக் கடை வரைக்கும் வந்தாச்சு.”

“சரியான பேருக்கு என்னதான் அர்த்தம்?”

“உறுதியா யாருக்கும் தெரியாது. ரோமானியங்க வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்த சனங்களோட பேச்சுல கூனு, திமிலுங்கற மாதிரி ஒரு சொல்லு இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. திமில் மாதிரி இருக்கற மலை. அதுக்காவது ஒரு உருவம் இருக்கு. கிராம்பியனுக்கு எதுவும் இல்ல. அது ஒரு அச்சுக்கோக்கறவனோட தூக்கக் கலக்கம்.”

“அப்போ நம்ம மாவட்டமே ஒரு பிழையா? எனக்கு முன்னாடியே சந்தேகம்தான்.” திடீரென்று டகி விசில் அடித்தான். “இருங்க மேடம். ரோமானியனே செதுக்கின கல்லுல, அவன் செத்து ஆயிரத்து நானூறு வருஷம் கழிச்சு வந்த பிழை எப்படி இருக்கும்?”

“அதுக்குத்தான் சிரிச்சேன்.”

“கல்லு போலி. துரைதான் பண்ணியிருக்காரு. எடின்பரோ ஆளு வந்தா நாறிடும்னு அவரே ஒளிச்சு வச்சுட்டு, பழிய வாட்டி மேல போட்டுட்டாரு. வழக்கு முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாமா?”

“பிழைன்னு தெரிஞ்சவன்தான் ஒளிப்பான். மூணு வாரமாப் பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினவருக்கு அது தெரிஞ்சிருக்கல. எப்பத் தெரிஞ்சுது? யார் சொன்னாங்க? அது கெடைக்கணும்.”

*

பிட்லோரி மாளிகையின் கூடத்தில் இருபத்தாறு கலைமான் தலைகள் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தன. துரை டல்கார்னோ அவற்றை விடக் கொஞ்சம் குறைவான அறிவுடன் பார்த்தார். ஐம்பது வயது, ஆட்டுத் தோல் மேலங்கி, பாதி நரைத்த மீசை. உட்காரச் சொல்லவில்லை.

“துப்பறியறவங்களா? அந்தக் கல்தச்சன் பொண்டாட்டி அனுப்பினாளா? நல்லாத்தான் செலவு பண்றா. நேரத்த வீணாக்காதீங்க. உளி கெடைச்சுது, குடிச்சுட்டு மெரட்டினான், ஊர் சாட்சி. வேற என்ன வேணும்?”

“வாட்டி டோக்கர் உங்களுக்கு ஏதாவது வேலை செஞ்சிருக்காரா?” என்று மேய்சி கேட்டாள்.

“எனக்கா? அவனா?” துரை மூக்கால் சிரித்தார். “எங்க குடும்பத்துக்குக் கல்லறைக் கல்லு எடின்பரோவிலருந்துதான் வரும். அந்த ஆளு பட்டறை எந்தப் பக்கம் இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது. போலீஸ்கிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

“சாவுக்குக் கூட வெளியூர்ச் சரக்கு,” என்று டகி மான் ஒன்றிடம் சொன்னான்.

“கல்லு எவ்வளவு கனம் இருக்கும்?”

“நாலு ஆளு தூக்கணும். கூட்டாளிங்க இருந்திருப்பாங்க. அவன் மச்சான்தான் என் நிலத்த விட்டுப் போகமாட்டேங்கறானே, அவனக் கேளுங்க.”

மேய்சி காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு சீட்டில் எழுதப் போவது போல் நின்றாள். “அந்த மலையோட பேர இன்னொரு தடவை சொல்லுங்களேன். எனக்கு லத்தீன் வராது.”

“வராதுன்னு பாத்தாலே தெரியுது. மான்ஸ் கிராம்பியஸ். நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல ஏழு வயசுப் பையனுக்குத் தெரியும்.”

“கிராம்பியஸ்.”

“கிராம்பியஸ். எழுதிக்கிட்டீங்கன்னா கிளம்பலாம்.”

பணிவாகத் தலையாட்டிவிட்டு மேய்சி கிளம்பினாள். ஆனால் வாசலருகே மேசையில், கயிறு அவிழ்க்காத கட்டுக்கட்டாகப் பூங்காவின் விளம்பரப் பிரசுரங்கள் இருந்தன. ஒன்றை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போட்டாள்; மை வாசனை இன்னும் போகவில்லை.

காரில் ஏறியதும் அதை மடியில் விரித்தாள். பக்கத்தில், தபால் நிலையத்தில் டகி முன்பே எடுத்து வைத்திருந்த பழைய பிரசுரம். இரண்டிலும் அதே படம், அதே துரை, அதே புளுகு.

“பழசுல என்ன போட்டிருக்கு?”

“மான்ஸ் கிராம்பியஸ்ல வெற்றி வாகை.”

“புதுசுல?”

டகி படித்தான். மறுபடி படித்தான். “மான்ஸ்... கிரௌபியஸ்! ‘எம்’ போயி ‘யூ’ வந்துடுச்சு. பதினோரு எடத்துல!”

“ஏழு வயசுப் பையனுக்குத் தெரிஞ்சத நம்மகிட்டக் கிராம்பியஸ்னு அடிச்சுச் சொன்னாரு. வீட்டுக்குள்ள திருத்தி அச்சடிச்சு வச்சிருக்காரு.” மேய்சி பிரசுரத்தின் பின்பக்க அடியில், எறும்பு வரிசை போல இருந்த எழுத்துகளைப் பென்சில் முனையால் காட்டினாள். “இத யாரும் படிக்க மாட்டாங்க. அச்சகத்து வேலை எண். கடைசி நாலு இலக்கம் தேதி. இந்தத் திங்கக்கிழமை.”

சாலை முனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து டகி அபர்டீனில் உள்ள அந்த அச்சகத்தைக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்தி, மூக்கில் கொஞ்சம் பணக்காரச் சளி ஏற்றிக்கொண்டான்.

“பிட்லோரியிலருந்து பேசறோம். திங்கக்கிழமை சொன்ன திருத்தமெல்லாம் வந்துடுச்சான்னு துரை கேக்கறாரு.”

மறுமுனையில் ஒரு பெண் வெடித்தாள். “வந்துடுச்சான்னா கேக்கறாரு? பாதி ஓடிக்கிட்டிருந்த மெசின நிறுத்தச் சொல்லிக் கத்தினாரே, மறந்துட்டாரா? எடின்பரோவிலருந்து ஏதோ லெட்டர் வந்துச்சாம், ஒரு எழுத்து தப்பாம். அவர் குடுத்ததத்தானே நாங்க போட்டோம்? படிச்ச மனுசன் பேசற பேச்சா அது? நான் சொன்னேன்னே சொல்லுங்க அவர்கிட்ட!”

“கண்டிப்பா சொல்றோம்மா,” என்றான் டகி. அதை மட்டும் மனதாரச் சொன்னான்.

*

கில்போரி போலீஸ் நிலையத்தில் சார்ஜென்ட் ரென்னி, மேய்சி சொன்னதைத் தேநீர் ஆறும் வரை கேட்டார்.

“சரிங்க. கல்லு போலி. துரைக்குத் திங்கக்கிழமை தெரிஞ்சுது. செவ்வாக்கிழமை கல்லு காணாமப் போச்சு. எனக்கும் மூக்கு இருக்கு, நாத்தம் தெரியுது. ஆனா கோர்ட்ல துரை என்ன சொல்வாரு? ‘நானும் ஏமாந்துட்டேன், என் வயல்ல எவனோ பொதைச்சு வச்சுட்டான்’பாரு. கல்லு செதுக்கத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல யாரு? லாக்கப்புல இருக்கறவன். உங்க கண்டுபிடிப்பு அவன் கழுத்தத்தான் இன்னும் இறுக்குது.”

டகி மேய்சியைப் பார்த்தான். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

“அவர்தான் செதுக்கினார்,” என்றாள். “அவரப் பாக்கலாமா?”

வாட்டி டோக்கர் பலகையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, இடுப்பு வலிக்குக் கட்டிய பட்டை, பாறை போன்ற கைகள். நான்கு ஆள் தூக்கும் கல்லை இந்த இடுப்போடு திருடியிருக்க முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. யார் வந்ததற்கும் அவர் தலை தூக்கவில்லை.

மேய்சி எதிரே உட்கார்ந்தாள்.

“வாட்டி, நான் முப்பது வருஷம் பிழை திருத்தினவ. என் தொழில்ல ஒரு வியாதி உண்டு. சரியா இருக்கறதத் தப்புன்னு நெனச்சுத் திருத்திடறது. எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கேன்.” அவள் செய்தித்தாளை அவர் முழங்கால் மேல் வைத்தாள். “உங்ககிட்டக் குடுத்த தாளுல இங்க ‘எம்’ இல்ல. ‘வி’ இருந்துச்சு. ரோமானியங்க ‘யூ’வையும் ‘வி’ மாதிரிதான் செதுக்குவாங்க. நீங்க ‘வி’க்கு எடம் அளந்து கோடு போட்டாச்சு. அப்புறம் அந்த எடத்துல ஒரு ‘எம்’ம நெருக்கி நொழைச்சிருக்கீங்க. நீங்க ஒரு எழுத்தத் திருத்தினீங்க, இல்லையா?”

வாட்டி தலை தூக்கினார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை:

“தப்பா எழுதியிருந்தாரும்மா.”

சார்ஜென்ட் ரென்னியின் நாற்காலி கிறீச்சிட்டது.

“துரைதான் குளிர்காலத்துல வந்தாரு,” என்றார் வாட்டி. பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. “தோட்டத்துல அழகுக்கு வைக்கணும், பழசு மாதிரி இருக்கணும்னாரு. எழுதிக் குடுத்தாரு. படிச்சுப் பாத்தேன். ‘கிராவ்பியஸ்’னு இருந்துச்சு. அப்படி ஒண்ணு கெடையாதே, நம்ம கிராம்பியன் இல்ல? ‘எம்’முக்கு ரெண்டு கால விட்டுட்டாரு, அவசரத்துல பாதி எழுதிட்டாருன்னு நெனச்சேன். எங்க தொழில்ல எல்லாரும் அழுதுக்கிட்டே எழுதிக் குடுப்பாங்க, தப்பு இருக்கும். நான்தான் திருத்துவேன். கல்லுல ஏறிட்டா அழிக்க முடியாதும்மா. அவருக்கு அவமானம் வேண்டாமேன்னுதான்...”

டகிக்கு நாக்கு நுனியில் நான்கு கிண்டல் இருந்தது. நான்கையும் விழுங்கினான்.

“தங்கம் பூசற வேலை இல்ல, ஜீன் ஊருக்குப் போயிருந்த வாரத்துலயே முடிச்சுட்டேன். கொண்டு போய் எறக்கினப்போ உளிய அங்கயே மறந்துட்டு வந்துட்டேன். அப்புறம் பேப்பர்ல படத்தப் பாத்தேன். என் கையால செஞ்ச கல்லு, என் மச்சான் குடும்பத்தத் தெருவுக்குத் தள்ளுதுன்னு தெரிஞ்சுது. கேக்கப் போனேன். ‘வாயத் தெறந்தா போலிக் கல்லு செஞ்சவன் நீதான்னு உள்ள போவே. உன் பேச்ச எவன் நம்புவான்?’னாரு. நெஜந்தானே? நான்தானே செஞ்சேன்? ஜீன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

“துரை எழுதிக் குடுத்த தாளு எங்க?”

“பட்டறையில. ஆணியில குத்தியிருக்கும். கையெழுத்து வாங்காம நான் உளிய எடுக்கறதில்ல. பின்னால எவனாவது ‘எங்கப்பன் பேர மாத்திட்டே’ன்னு சண்டைக்கு வந்தா?”

“துரையும் கையெழுத்துப் போட்டாரா?”

“போட்டாரே. கொட்டாவி விட்டுக்கிட்டே போட்டாரு.”

மேய்சி எழுந்துவிட்டாள். வாட்டி என்கிற மனிதர் ஒரு நாள் சாட்சியாக நிற்கக்கூடும் என்று துரைக்கு அன்று தோன்றவே இல்லை. உளி, சுத்தியல், வாட்டி எல்லாம் அவருக்கு ஒரே கணக்கு. ஆனால் இன்று காலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, வாட்டி வேலை செய்தாரா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மந்தபுத்திக்காரனுக்கும் அந்தத் தாள் நினைவு வரும்.

“சார்ஜென்ட், தொப்பிய எடுங்க. சீக்கிரம்.”

*

பட்டறை வாசலில் துரையின் வண்டி நின்றது.

உள்ளே ஜீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். துரை ஆணியிலிருந்து உருவிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கணப்பின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், கையில் இருந்த ஒரு தாளை மட்டும் சட்டென்று நான்காக மடித்தார். முகத்தில் பெருந்தன்மையை வரவழைத்துக்கொண்டார்.

“வாங்க சார்ஜென்ட். நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தம்மாவப் பாத்தாப் பாவமா இருக்கு. புகார வாபஸ் வாங்கிக்கலாம்னு இருக்கேன். பதிலுக்கு என்னோட சொந்தக் காகிதம் ஒண்ணு இங்க இருக்கு, அத மட்டும் எடுத்துட்டுப் போறேன்.”

“என்ன காகிதம்?” என்றாள் மேய்சி.

“அது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. என் ஆர்டர் சம்பந்தப்பட்டது.”

“எந்த ஆர்டர்?”

துரை மடித்த தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“காலையில எங்ககிட்டச் சொன்னீங்க. போலீஸ்லயும் எழுதிக் குடுத்திருக்கீங்க. வாட்டிக்கு ஒரு வேலையும் குடுத்ததில்ல, பட்டறை எந்தப் பக்கம்னே தெரியாதுன்னு.” மேய்சியின் குரலில் கோபம் கூட இல்லை. தெருவில் ஈரமான எதையோ மிதித்துவிட்டவள் குனிந்து பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். “தெரியாத பட்டறையில, குடுக்காத ஆர்டரோட தாளத் தேடி நேரா ஆணிக்கே வந்துட்டீங்க. வழி நல்லாத்தான் தெரியுது.”

துரை கணப்பை நோக்கி ஓர் அடி வைத்தார். ஜீன் தன் பருத்த முழங்காலால் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். கதவு சுட்டிருக்க வேண்டும். நகரவில்லை.

“அந்தத் தாளக் குடுத்துடுங்க, துரை,” என்றார் ரென்னி.

பிட்லோரி முத்திரை போட்ட கெட்டித் தாள். பெரிய பெரிய எழுத்தில் மூன்று வரி. நடுவில், அச்சுப் போல, மான்ஸ் கிரௌபியஸ். கீழே தேதியும் கையெழுத்தும்.

“புஸ்தகத்தப் பாத்து எழுத்துக்கு எழுத்து காப்பியடிச்சிருக்கீங்க,” என்றாள் மேய்சி. “அதனாலதான் தப்பில்லாம இருக்கு. ஆனா நீங்களே எழுதினது உங்களுக்கே புரியல. கல்லு வந்தப்போ பாக்கல. பத்திரிகையில படம் வந்தப்போ பாக்கல. மேல கால வச்சுக்கிட்டு நின்னப்பக் கூடக் குனிஞ்சு ஒரு தடவை படிக்கல. எடின்பரோவிலருந்து லெட்டர் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு.”

“நீ யாரு எனக்குச் சொல்ல?” துரையின் குரல் உடைந்தது. “ஒரு எழுத்து! ஒரு முட்டாள் கல்தச்சன் ஒரு எழுத்த மாத்தாம இருந்திருந்தா...”

அவர் பாதியில் நிறுத்தினார். சார்ஜென்ட் ரென்னி குறிப்பேட்டை எடுத்திருந்தார்.

“மேல சொல்லுங்க துரை,” என்றான் டகி அன்பாக. “மெதுவா சொல்லுங்க. அவரு எழுதணும்ல.”

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மதியத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் எஸ்டேட்டில் நாய்க் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த குதிரைச் சாணக் குவியலை முள்கரண்டியால் கிளறிக் கல்லை வெளியே எடுத்தார்கள். டிராக்டரால் இழுத்துக் கொண்டுவந்து புதைத்த தடம் சேற்றில் அப்படியே இருந்தது. எடின்பரோவுக்கு ரென்னி தகவல் சொன்னபோது, அருங்காட்சியகத்து ஆள் ஐந்து நிமிஷம் போனில் சிரித்தாராம். நீலுக்கு வந்த நோட்டீஸை மறுநாளே வாபஸ் வாங்குவதாக எஸ்டேட் வக்கீல் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வாட்டியை மாலை நான்கு மணிக்கு விட்டார்கள். சாட்சியாக வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். ஜீன் நிலைய வாசலில் நின்றிருந்தாள். அவர் இறங்கி வந்ததும் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். பிறகு அதே கையால் அவர் மேலங்கியின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“என்கிட்டச் சொல்லியிருந்தா என்ன, மனுசா? நான் என்ன துரையா, உன்ன நம்பாம இருக்க?”

டகி அவர்களை நீலின் வீட்டில் விடக் காரை எடுத்தான். பின் இருக்கையில் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டு, அந்தச் சண்டை நடந்த இடமென்று சிலர் காட்டும் பென்னஹீ மலை துடைத்து வைத்தது போலத் தெரிந்தது.

“ஏம்மா,” என்றார் வாட்டி, “அந்தச் சண்டையில யார் ஜெயிச்சாங்க?”

“ரோமானியங்கதான். அப்படித்தான் அந்தத் தளபதியோட மருமகன் எழுதி வச்சிருக்கான். இந்தப் பக்கத்து ஆளுங்க பத்தாயிரம் பேர் செத்தாங்களாம். அவங்க பக்கம் முந்நூத்தி அறுபது.”

“பத்தாயிரமா?” ஜீன் நிமிர்ந்தாள். “நம்ம சனம் பத்தாயிரம் செத்த எடத்துக்கா அந்த ஆளு டிக்கெட் போட்டு, புள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் விக்கப் பாத்தான்?”

ஜீன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். பிட்லோரி மாளிகையின் வாசல் தூண்கள் கடந்து போகும் வரை காத்திருந்து, வெளியே காறித் துப்பிவிட்டு, கண்ணாடியை ஏற்றினாள்.